பாபாசாகிப் கண்ட தேர்தல் முறைகள்

பாபாசாகிப் டாக்டர் அம்பேத்காரை நம்மவர் பல கோலங்களில் அறிவர். மஹாட் குளத்தில் இறங்கி நீர் அள்ளிய வீரர். இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர். நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுக்குத் திரிசரணமும் பஞ்சசீலமும் அளித்த வழிகாட்டி. அவர் வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றும் உண்டு. தேர்தல் முறைகளைப் பற்றி அவர் முப்பத்தாறு ஆண்டுகள் ஓயாது சிந்தித்தார். அம்முறைகள் பலவற்றில் தாமே வேட்பாளராய் நின்று, சிலவற்றில் வென்றார், சிலவற்றில் தோற்றார். அவரும் அவரே, அவர்பின் நின்ற மக்களும் அம்மக்களே. வாக்குக் கொடுக்கும் விதமும், கொடுத்த வாக்கை எண்ணும் விதமும் மாறின, முடிவும் மாறிற்று. எண்ணிக்கையில் சிறியவராய் வாழும் மக்கள் இதனை நன்கு விளங்கிக்கொள்வது அவசியமாதலின், அவ்வரலாற்றை இங்கே வரிசையாகக் கூறுவோம்.

முதற் சாட்சியம்

பீமராவ், 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் இராணுவ முகாமில் பிறந்தார். தந்தையார் சுபேதார் ராம்ஜி சக்பால், பட்டாளத்தில் பணிபுரிந்தவர். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அமரவும், பானையைத் தொட்டு நீர் பருகவும் உரிமையற்றிருந்த அச்சிறுவர், பரோடா மன்னரின் உதவிபெற்று 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் லண்டனிலும் பயின்றார். 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார்.

அவ்வேளையில் இந்தியாவில் எவருக்கு வாக்குரிமை தருவது, எவ்வாறு பிரதிநிதிகளைத் தெரிந்தெடுப்பது என்பவற்றை ஆராயச் சௌத்பரோ பிரபுவின் தலைமையில் ஒரு குழு வந்தது. 1919 ஜனவரி 27-ஆம் தேதி அம்பேத்கார் அக்குழுவின்முன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு என்றால், தீண்டாமைக்கு ஆளான மக்களில் வாக்காளர் என்று சொல்லத்தக்கவர் மிகச் சிலரே எஞ்சுவர் என்று அவர் எடுத்துக்காட்டினார். சட்டசபையில் கருத்துக்கள் இடம்பெறுவது மட்டும் போதாது. அக்கருத்துக்களுக்கு உரியவர்களே அங்கே அமரவேண்டும் என்பது அவர் வாதம். ஒரு வகுப்பாரின் துன்பத்தை வேறொரு வகுப்பார் இரக்கத்தால் எடுத்துரைப்பதைப் பிரதிநிதித்துவம் என்று அவர் ஏற்கவில்லை.

கேட்டது கிடைக்கவில்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நியமன ஸ்தானங்களை மட்டுமே தந்தது. கவர்னர் யாரைக் குறிப்பிடுகிறாரோ அவரே அம்மக்களின் குரல். 1927-இல் அம்பேத்காரும் அவ்வாறே பம்பாய்ச் சட்டசபையில் நியமன அங்கத்தினராய் நுழைந்தார். நியமனத்தின் குறையை அவர் நன்கறிவார். நியமிக்கப்பட்டவர் எவ்வளவு நல்லவராயினும், அவரை வைப்பதும் நீக்குவதும் மக்கள் கையில் இல்லை.

ஓர் எளிய கணக்கு

மேலே செல்லுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாபாசாகிப் நடத்திய வாதங்கள் யாவும் இக்கணக்கினுள் அடங்கும்.

ஒரு பகுதியில் ஆயிரம் வாக்காளர்கள். தெரிந்தெடுக்கவேண்டிய அங்கத்தினர் மூவர். வாக்காளரில் 740 பேர் பெரும்பான்மை வகுப்பினர். 260 பேர் சிறுபான்மையினர். அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

அப்பகுதியை மூன்று துண்டாக்கி, துண்டுக்கு ஓர் அங்கத்தினர் என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் 260 பேர் சிதறிக் கிடப்பர். எங்கும் அவர்கள் தோற்பர். மூன்று இடங்களும் பெரும்பான்மையினரைச் சேரும்.

துண்டாக்காமல் ஒரே தொகுதியாக வைத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள் தந்து, ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குக்குமேல் போடலாகாது என்று விதித்தால் அதற்குப் பகிர்வு வாக்கு முறை என்று பெயர். சிறுபான்மையினரின் வேட்பாளர் 260 பெறுவார். மற்ற மூவரும் ஆளுக்கு 740 பெறுவர். இங்கும் மூன்று இடங்களும் அவர்களுக்கே.

அதே மூன்று வாக்குகளையும், விரும்பினால், ஒருவருக்கே குவிக்கலாம் என்று விதித்தால் அது குவிப்பு வாக்கு முறை. சிறுபான்மையினர் 260 பேரும் மூன்று வாக்கையும் ஒருவருக்கே இட்டால் அவர் 780 பெறுவார். பெரும்பான்மையினரிடம் உள்ள வாக்குகள் 2,220. மூவரையும் வெல்லவைக்க எண்ணிச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 740 தான். ஆகவே சிறுபான்மையினருக்கு ஓர் இடம் உறுதி. பிறர் தயவு வேண்டியதில்லை.

இன்னொரு முறை ஒற்றை மாற்று வாக்கு. வாக்காளர் ஒரே சீட்டில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பர். ஆயிரத்தை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வந்த நான்கால் வகுத்தால் 250. அதனோடு ஒன்று சேர்த்தால் 251. இத்தனை வாக்குப் பெற்றவர் வென்றவராவார். வென்றவருக்கு மிகுதியாக வந்த வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி பிறருக்கு மாற்றப்படும்; அதற்குப் பின்னும் இடம் நிரம்பாவிடில், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு அவர் வாக்குகளும் அவ்வாறே மாற்றப்படும். 260 பேர் கொண்ட சிறுபான்மை இதிலும் ஓர் இடம் பெறும்.

ஆயிரம் பேரும் அதே ஆயிரம் பேர். நான்கு விதமாக எண்ணினோம். இரண்டில் சிறுபான்மை மறைந்தது, இரண்டில் நின்றது.

வட்டமேஜையும் பூனா ஒப்பந்தமும்

1928-இல் சைமன் கமிஷன் வந்தபோது அம்பேத்கார் ஒரு நிபந்தனையோடு பேசினார். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தால், பொதுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்களே போதும். அது தராவிடில் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்றார்.

இங்கே சொற்களில் கவனம் வேண்டும். இக்காலத்தில் தனித் தொகுதி என்று வழங்குவது ஒதுக்கப்பட்ட இடத்தையே. அங்கே நிற்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வாக்களிப்பவரோ எல்லா வகுப்பினரும். அக்காலத்தில் கேட்கப்பட்ட தனி வாக்காளர் தொகுதியில் நிற்பவரும் வாக்களிப்பவரும் தாழ்த்தப்பட்ட மக்களே. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையிலேயே பாபாசாகிப்பின் போராட்டம் அடங்கியிருக்கிறது.

1930 நவம்பரில் லண்டனில் கூடிய வட்டமேஜை மகாநாட்டிற்குத் தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் இருவர் சென்றனர். ஒருவர் அம்பேத்கார், மற்றவர் தமிழகத்துத் தலைவர் ராவ்பகதூர் இரட்டைமலை சீனிவாசன். வயதுவந்தோர் வாக்குரிமை உடனே வருமென்ற நம்பிக்கை இல்லாமற் போகவே, இருவரும் தனி வாக்காளர் தொகுதியை வற்புறுத்தினர்.

1932 ஆகஸ்டில் பிரதம மந்திரி ராம்சே மாக்டொனால்டு தம் தீர்ப்பை வெளியிட்டார். மாகாணச் சட்டசபைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு 71 இடங்கள். அவற்றுக்கு அவர்களே தனித்து வாக்களிப்பர். அதற்குமேல், பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு இன்னொரு வாக்கு உண்டு. அந்த இரண்டாவது வாக்கையே அம்பேத்கார் விலைமதிப்பற்றதாகக் கருதினார். தனி வாக்காளர் தொகுதி மட்டும் இருந்தால், ஏனைய அங்கத்தினர்கள் தாழ்த்தப்பட்ட மக்களைத் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் இராது. இரண்டாவது வாக்கு இருந்தால் பொதுத் தொகுதியில் நிற்பவரும் சேரிக்கு வந்து ஆதரவு கேட்டாக வேண்டும்.

இத்தீர்ப்பை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். நாடெங்கும் பதற்றம். அம்மூப்பெய்திய தலைவரின் உயிர் பிரிந்தால் கிராமந்தோறும் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது பழி பாயும் என்ற அச்சம் ஒருபுறம். கைக்கு வந்த உரிமை மறுபுறம். செப்டம்பர் 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்காரோடு இரட்டைமலை சீனிவாசனாரும், எம். சி. ராஜா அவர்களும் அதில் ஒப்பமிட்டனர்.

இடங்கள் 71 என்பது 148 ஆயிற்று. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 இடங்கள் 30 ஆயின. எண்ணிக்கை இரு மடங்கு, முறையோ வேறு. முதற்கண் தாழ்த்தப்பட்ட வாக்காளர் மட்டும் கூடி நால்வரைத் தெரிந்தெடுப்பர். பின்னர் அந்நால்வரில் ஒருவரை எல்லா வகுப்பு வாக்காளரும் சேர்ந்து தெரிந்தெடுப்பர்.

நம் கணக்கை இங்கே வைத்துப் பார்க்கலாம். 260 பேரில் 200 பேர் ஒருவரையே விரும்பி முதலாவதாக அனுப்பினாலும், வெறும் பத்துப் பேர் ஆதரவோடு நான்காவதாக வந்தவரைப் பெரும்பான்மையினர் 740 பேரும் விரும்பினால், வெல்பவர் அந்த நான்காமவரே. இடம் கிடைக்கும், அந்த இடத்தில் அமர்பவரைத் தீர்மானிக்கும் உரிமை கிடைக்காது. ஒப்பந்தம் செய்த நாளிலேயே இவ்வபாயத்தை உணர்ந்த அம்பேத்கார், அதனைத் தடுக்கும் வழியைத் தேடலானார்.

குவிப்பு வாக்கின் வெற்றி

1935-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்கீழ்த் தொகுதிகளை வகுக்க ஹாமண்ட் குழு நியமிக்கப்பட்டபோது, பல அங்கத்தினர் தொகுதிகளில் பகிர்வு வாக்கா, குவிப்பு வாக்கா என்ற விவாதம் எழுந்தது. அம்பேத்கார் குவிப்பு வாக்கின் பக்கம் நின்றார். பம்பாய் மாகாணத்தில் அம்முறையே வந்தது.

1936 ஆகஸ்டில் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1937-இல் நடந்த தேர்தலில், பம்பாய் நகரின் பைக்குலா, பரேல் பகுதியில் தாமே நின்றார். ஆலைத் தொழிலாளரும் தாழ்த்தப்பட்ட மக்களும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. எதிரே காங்கிரஸ் நிறுத்தியவர் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு. அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து நாடறியப் பெயரெடுத்தவர். அம்பேத்கார் வென்றார். அவர் கட்சி நிறுத்திய வேட்பாளர் பதினெழுவரில் பெரும்பாலோர் வென்றனர். தொடங்கி ஆறு மாதமேயான ஒரு சிறு கட்சி, பணபலமும் பத்திரிகை பலமும் இன்றி இவ்வளவு இடங்களைப் பெற்றதற்கு மக்களின் ஒற்றுமை முதற்காரணம். அவ்வொற்றுமையைச் சிதறவிடாமல் எண்ணிய வாக்குமுறை இரண்டாவது காரணம்.

வங்காளம் தந்த இடம்

1945–46-இல் மீண்டும் தேர்தல் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. 1942-இல் நாகபுரியில் நிறுவப்பட்ட ஷெடியூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் சார்பில் பாபாசாகிப்பின் தொண்டர்கள் நின்றனர். முதற்கட்டத் தேர்தலில் முன்னணியில் வந்த பலர், எல்லாரும் வாக்களித்த இறுதித் தேர்தலில் வீழ்ந்தனர். நால்வருக்குமேல் வேட்பாளர் நிற்காத இடங்களில் முதற்கட்டத் தேர்தலே நடைபெறவில்லை. மாகாணச் சட்டசபைகளில் சம்மேளனத்துக்குக் கிட்டியவை ஓரிரு இடங்களே.

இதனால் விளைந்த கேடு பெரிது. அரசியல் நிர்ணய சபைக்கு அங்கத்தினரைத் தெரிந்தெடுப்பவர் மாகாணச் சட்டசபை அங்கத்தினர்களே. பம்பாய்ச் சபையில் அம்பேத்காருக்கு வாக்களிக்க ஆளில்லை. நாட்டின் சட்டத்தை எழுதும் மன்றத்தில், அச்சட்டத்தால் எவர் விடுதலை பெறவேண்டுமோ அவர்களுடைய தலைவருக்கு இடமில்லாமற் போகும் நிலை வந்தது.

அப்போது கைகொடுத்தது வங்காளம். அங்கே நாமசூத்திர வகுப்பைச் சேர்ந்த ஜோகேந்திரநாத் மண்டல் சம்மேளனத்தின் அங்கத்தினராய் இருந்தார். 1946 ஜூலையில் நடந்த அத்தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறைப்படி நடந்தது. வங்காளத்தில் பொதுப் பிரிவினர் தெரிந்தெடுக்கவேண்டிய இடங்கள் 27. இடங்கள் இத்தனை இருக்கும்போது, ஓரிடம் பெறுவதற்கு வேண்டிய வாக்குகள் மிகச் சிலவே. மண்டல் அலைந்து திரிந்து அங்கத்தினர் சிலரின் முதல் விருப்பத்தை அம்பேத்காருக்குத் திரட்டினார். அவர் வெற்றிபெற்றார்.

அன்று பகிர்வு வாக்கோ, பெரும்பான்மை வாக்கோ வைத்து எண்ணியிருந்தால் அவர் அச்சபைக்குள் சென்றிருக்கமாட்டார். அடுத்த ஆண்டு நாடு பிரிந்ததால் அந்த இடம் அவரை விட்டுப் போயிற்று. அதற்குள் அவருடைய அறிவின் தேவையை எல்லாரும் உணர்ந்திருந்தனர். 1947 ஜூலையில் காங்கிரசின் ஆதரவோடு பம்பாயிலிருந்து மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆகஸ்டு 29-ஆம் தேதி வரைவுக் குழு அமைக்கப்பட்டு, அவர் அதன் தலைவரானார். வங்காளத்துச் சில வாக்குகள் திறந்த வாயில் அது.

சட்டம் வரைந்தவரின் சங்கடம்

1947-ஆம் ஆண்டு மார்ச்சில், மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற பொருள்பற்றிய விரிவான திட்டமொன்றை அம்பேத்கார் சம்மேளனத்தின் சார்பில் வெளியிட்டார். அதில் பூனா ஒப்பந்த முறையை நீக்கித் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டார். மந்திரி சபைக்கும் புதியதொரு வழி கூறினார். பிரதம மந்திரியைச் சபை முழுவதும் ஒற்றை மாற்று வாக்கால் தெரிந்தெடுக்கவேண்டும். பெரும்பான்மையினரைச் சேர்ந்த மந்திரிகளையும் அவ்வாறே சபை முழுவதும் தெரிந்தெடுக்கவேண்டும். சிறுபான்மை மந்திரிகளை அவ்வச் சிறுபான்மை அங்கத்தினர்களே அம்முறைப்படி தெரிந்தெடுக்கவேண்டும் என்றார். பெரும்பான்மைத் தலைவர் சிறுபான்மையினர்க்கும் ஏற்றவராய் இருக்கவேண்டும், சிறுபான்மை மந்திரி தம் மக்களுக்கு உரியவராய் இருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

அத்திட்டம் ஏற்கப்படவில்லை. 1947 ஆகஸ்டில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ். நாகப்பா ஒரு நடுவழியை அரசியல் நிர்ணய சபையில் பிரேரேபித்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்பவர், தாழ்த்தப்பட்ட மக்கள் இட்ட வாக்குகளில் நூற்றுக்கு 35 ஆவது பெற்றிருக்கவேண்டும் என்பது அது. அதுவும் நிறைவேறாமல் திரும்பப் பெறப்பட்டது.

1949 ஜனவரி 4-ஆம் தேதி வேறொரு பரீட்சை வந்தது. லோகசபைத் தேர்தலை ஒற்றை மாற்று வாக்கு முறைப்படி நடத்தவேண்டும் என்று காஜி சையத் கரிமுத்தீன் திருத்தம் கொணர்ந்தார். வங்காளத்தில் அம்முறையால் இடம்பெற்றவரே அதனை எதிர்த்துப் பதிலிறுத்தார். வாக்காளர் எழுத்தறிந்திருந்தாலன்றி விருப்ப வரிசை குறிக்க இயலாது. நம் மக்களில் எழுத்தறியாதோரே மிகுதி என்றார். கட்சிகள் பலவாய்ச் சிதறி நிலையான ஆட்சி அமையாது என்பதும் அவர் அஞ்சிய காரணம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் அரசியல் சட்டத்தில் இருக்கவே செய்தன.

தமக்கு நன்மை செய்த முறையென்று அதனைக் கண்மூடிப் போற்றாது, எவ்விடத்திற்கு எது பொருந்தும் என்று அவர் பார்த்தார். எழுத்தறிந்த சிலர் கூடி வாக்களிக்கும் இடங்களில் அம்முறையே வைக்கப்பட்டது. ராஜ்ய சபை அங்கத்தினர்களையும் ஜனாதிபதியையும் இன்றளவும் ஒற்றை மாற்று வாக்காலேயே தெரிந்தெடுக்கிறோம். ஒருவரையே தெரிந்தெடுக்கும்போது இம்முறை வேறுவிதமாகப் பயன்படும். சரிபாதிக்கு மேற்பட்டோரின் இசைவை அது தேடித்தரும். 1969-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வெற்றிக்கு வேண்டியிருந்தது 4,18,169. முதல் விருப்பத்தில் வி. வி. கிரி பெற்றது 4,01,515. மற்றவர்களின் இரண்டாம் விருப்பங்களை எண்ணிச் சேர்த்தபின் அவர் 4,20,077 பெற்று வென்றார்.

1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய பேருரையில், இம்மண்ணுக்கு ஜனநாயகம் புதிதன்று என்பதற்குப் பிட்சு சங்கத்தையே அவர் சான்று காட்டினார். ஆசன ஒழுங்கு, தீர்மானம் கொணரும் விதி, குறைந்தபட்ச வருகை, வாக்குச் சீட்டு, வாக்கு எண்ணிக்கை ஆகிய யாவும் சங்கத்தில் நடைமுறையில் இருந்ததை நினைவூட்டினார்.

இரண்டு தோல்விகள்

1951 செப்டம்பரில், இந்து சட்டத் திருத்த மசோதா கைவிடப்பட்டதை ஒட்டி, அவர் மந்திரி பதவியைத் துறந்தார். அடுத்த சில மாதங்களில் சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் வந்தது. வடக்கு பம்பாய் நகர்த் தொகுதிக்கு இரண்டு இடங்கள். ஒன்று பொது, ஒன்று ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு சீட்டுகள். ஆனால் இப்போது இருந்தது பகிர்வு வாக்கு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் இட்டால் ஒன்று செல்லாது என்று கழிக்கப்படும். 1937-இல் பம்பாய் மாகாணத்துக்கு உரிமையாய் இருந்த செயல் இப்போது குற்றமாயிற்று.

அம்பேத்காரும் சோஷலிஸ்டுத் தலைவர் அசோக் மேத்தாவும் உடன்பாடு செய்துகொண்டு நின்றனர். ஒவ்வொருவரின் ஆதரவாளரும் இரண்டாவது சீட்டை மற்றவருக்கு இடவேண்டும் என்பது ஏற்பாடு. வென்றவர்களோ காங்கிரசைச் சேர்ந்த வி. பி. காந்தியும், நாராயண் கஜ்ரோல்கரும். அம்பேத்கார் பெற்றவை 1,23,576 வாக்குகள். ஏறத்தாழ 14 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். செல்லாதவை என்று கழிக்கப்பட்டவை 74 ஆயிரத்துக்கு மேல். நாடெங்கும் சம்மேளனம் பெற்ற லோகசபை இடங்கள் இரண்டே.

சில வாரங்களில், பம்பாய்ச் சட்டசபை தெரிந்தெடுத்த பதினேழு ராஜ்ய சபை அங்கத்தினரில் அம்பேத்காரும் ஒருவரானார். அச்சபையில் அவர் கட்சியின் பலம் மிகச் சிறியது. எனினும் அங்கே இருந்தது ஒற்றை மாற்று வாக்கு. மக்கள் நேரே வாக்களித்த தேர்தலில் கதவடைத்த முறை ஒன்று. பின்னர்க் கதவு திறந்த முறை மற்றொன்று.

1954 மே மாதம் பண்டாரா இடைத்தேர்தலில் அவர் மீண்டும் மக்கள்முன் நின்றார். இரட்டை அங்கத்தினர் தொகுதி, பகிர்வு வாக்கு, அதே அசோக் மேத்தாவின் துணை. இம்முறை மேத்தா பொது இடத்தில் வென்றார். ஒதுக்கப்பட்ட இடத்தில் அம்பேத்கார் தோற்றார். வென்றவர் காங்கிரசின் பாவுராவ் போர்க்கர். ஒரே மேடையில் நின்ற இருவரில் ஒருவர் உள்ளே சென்றார், ஒருவர் வெளியே நின்றார். தலைவர்கள் செய்யும் உடன்பாடு வாக்காளரின் இரண்டாவது சீட்டுவரை சென்று எட்டுவதில்லை. தாழ்த்தப்பட்டவர்க்கென ஒதுக்கிய இடத்தில் தாழ்த்தப்பட்டோரின் பெருந்தலைவரே அமர இயலவில்லை.

இறுதியாகக் கண்ட தெளிவு

இத்தோல்விகள் அவரைக் கசப்புக்கு ஆளாக்கி நிறுத்திவிடவில்லை. 1955 ஆகஸ்டில், சட்டசபைகளில் இடம் ஒதுக்கும் முறையே இனி வேண்டாம் என்று சம்மேளனம் தீர்மானித்தது. பிறர் வாக்கால் வென்றவர் பிறர் சொல்லுக்கே கட்டுப்படுவார்; அப்படிப்பட்ட இடத்தால் மக்களுக்கு ஆவது ஒன்றுமில்லை என்பது அனுபவம் தந்த பாடம்.

அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த மொழிவழி மாநிலங்கள் பற்றிய நூலில், சிறுபான்மையினரைக் காப்பதற்கு அவர் கூறிய வழி தெளிவானது. ஓர் அங்கத்தினர் தொகுதிகளுக்குப் பதிலாக, இரண்டு அல்லது மூன்று அங்கத்தினர் கொண்ட தொகுதிகள். அவற்றில் குவிப்பு வாக்கு. இம்முறையில் எவரையும் வகுப்பால் பிரித்து எழுதவேண்டியதில்லை. எவருக்கும் இடம் ஒதுக்கவேண்டியதில்லை. எழுத்தறியாதவரும் இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் இட வல்லவர்; ஆதலால் ஒற்றை மாற்று வாக்குக்கு அவர் முன்பு கூறிய தடை இதற்கு இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குமுன் தாம் வென்ற முறைக்கே, எல்லா முறைகளையும் கண்டறிந்த பின்னர், அவர் திரும்பி வந்தார்.

குவிப்பு வாக்குக்கும் குறை உண்டு. மக்கள் கட்டுப்பாடாய் நின்றால்தான் அது பலிக்கும். தம் பலத்துக்கு மேலாக ஒரு கட்சி வேட்பாளர்களை நிறுத்தினாலும், நம்மவரே இருவராய்ப் போட்டியிட்டாலும் வாக்கு சிதறி, ஓர் இடமும் இல்லாமற் போகும். ஒற்றுமை உள்ளவர்க்கு அது கேடயம். பிளவுபட்டவர்க்கு அது உதவாது.

1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாகபுரியில் பாபாசாகிப் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ஆம் தேதி டில்லியில் பரிநிர்வாணம் அடைந்தார். அவர் விரும்பிய தேர்தல் முறை வரவில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டை அங்கத்தினர் தொகுதிகளும் நீக்கப்பட்டன. அதன்பின் லோகசபைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்கத்தினர். அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர். ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் எல்லா வகுப்பினரும் வாக்களிக்கின்றனர். 260 பேரின் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

பௌத்தர்களாகிய நாம் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். விநயபிடகத்தில், பிட்சுக்களிடையே கருத்து வேற்றுமை தீராதபோது சலாகை என்னும் குச்சிகளைக் கொடுத்து வாக்கெடுக்கும் விதி கூறப்பட்டிருக்கிறது. மறைவாக, காதோடு காதாக, வெளிப்படையாக என்று வாக்கெடுப்பு மூவகை. சலாகை கொடுப்பவராக யாரை வைப்பது என்பதற்கும் இலக்கணம் உண்டு. விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நான்கின் வழியே செல்லாதவர். எது முறையாக எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படவில்லை என்பதை அறிந்தவர். அவரே அப்பணிக்கு உரியவர். எத்தனை பேர் என்று எண்ணுவதற்குமுன், எண்ணும் முறை நேர்மையானதா என்று பார்க்கவேண்டும் என்பதைச் சங்கம் அன்றே உணர்ந்திருந்தது.

பாபாசாகிப் முப்பத்தாறு ஆண்டுகள் கேட்டதும் இதுவே. வாக்கு எல்லார்க்கும் கிடைத்துவிட்டது. அதனை அவர் பெற்றுத்தந்தார். அவ்வாக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது, அதன் பயன் எவரைச் சேருகிறது என்று கேட்டறியும் வேலையை நமக்கு விட்டுச்சென்றார். நம் சங்கங்களில் நிர்வாகிகளைத் தெரிந்தெடுக்கும் நாளிலேனும் இக்கேள்வியை நாம் எழுப்பிப் பழகுவோமாக. சிறு குழுவின் குரலும் அங்கே கேட்கும்படி செய்வோமாக.